முப்பத்தெட்டு மடங்கும் குறுவை நாற்றங்காலும்

மாநாட்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று செந்தில் சொல்லியிருக்கிறார். நான் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர். எந்த அளவு எழுத்தில் நான்கு பக்கம் என்று அவர் சொல்லவில்லை. போன் செய்து கேட்டேன். உங்கள் இஷ்டம் சார் என்றார். இஷ்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். என் வேலைக் காலம் முழுவதும் அந்தச் சொல் வந்த இடத்தில்தான் ஏதாவது ஒன்று பழுதாகியிருக்கிறது.

கிராபிக்ஸ் செயலிகளையும், அவற்றைக் கொண்டு பெரிய கணக்குகளை விரைவாக்கும் வழிகளையும் பற்றிய ஆய்வு மாநாடு அது. எங்கள் கல்லூரியில் இரண்டாம் முறையாக நடக்கப் போகிறது. இந்த முறை ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் வாடகைக் கணினியில் வேலை செய்கிறார்கள். அந்தக் கணினி எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று செந்திலுக்கே தெரியாது. எங்கள் சர்வர் அறையைக் காலி செய்து விடைத்தாள் கட்டுகளை அடுக்கப் போகிறார்களாம். எனக்கு வருத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அறையில் இருபத்திரண்டு காற்றாடிகள் ஒரே நேரத்தில் சுற்றும். ஓய்வு பெற்ற பிறகும் வெகுநாள் என் காதுக்குள் அவற்றில் நான்கைந்து சுற்றிக்கொண்டிருந்தன. விடைத்தாள் சத்தம் போடாது.

முதல் மாநாட்டின்போது நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறார். இளைஞர்கள் கேட்கிறார்களாம். கேட்கிறார்கள் என்றால் எத்தனை பேர் என்று விசாரித்தேன். இரண்டு பேர். சரி, இரண்டு பேருக்காவது எழுதுவோம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, ஆய்வக உதவியாளர் வேலை, பிறகு மெல்ல மெல்லத் தொழில்நுட்ப அலுவலர். நான் சேர்ந்த காலத்தில் கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மாணவர்கள் உள்ளே கணினி கற்றார்கள். நான் வெளியே செருப்பை எண்ணினேன். உள்ளே இருபது பேருக்குத்தான் இடம். இருபது ஜோடிக்கு மேல் கிடந்தால் யாரோ ஓசியில் ஏசிக்கு வந்திருக்கிறார் என்று பொருள். ஒற்றைச் செருப்பு மிஞ்சினால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. எண்ணும் பழக்கம் அங்கே பிடித்ததுதான். இன்றும் தட்டில் இட்லி விழும்போது உதடு தானாக அசைகிறது. என் மனைவி அதைத் தன்மீதான சந்தேகமாகவே எடுத்துக்கொள்கிறாள்.

எங்கள் துறைத் தலைவர் தியாகராஜன் சார். ஒல்லியான மனிதர். பெருக்குகிறவரையும் முதலாம் ஆண்டு மாணவனையும் 'நீங்க' என்றுதான் அழைப்பார். அவரிடம் போய் எதைச் சொன்னாலும் 'சந்தோஷம்' என்பார். யூபிஎஸ் வெடித்துவிட்டது என்றாலும் சந்தோஷம்தான். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள நான் அவர் கையிலுள்ள பேனாவைப் பார்ப்பேன். நல்ல செய்தி என்றால் மூடி திறந்தே இருக்கும். கெட்ட செய்தி என்றால் மூடியை மெதுவாகப் பொருத்தி, சத்தம் வரும் வரை அழுத்துவார். மிகக் கெட்ட செய்தி என்றால் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்துவிடுவார். பக்கத்து அறையிலிருந்தே அந்த மூடிச் சத்தம் எனக்குக் கேட்கும்.

எங்களுக்கு முதல் கிராபிக்ஸ் கார்டு வந்த கதையைச் சொன்னால் அவருடைய தினுசு புரியும். கார்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் நெருப்பைக் கக்கும் ஒரு பறக்கும் பல்லியும், கையில் கோடரியோடு ஒரு பெண்ணும் அச்சாகியிருந்தார்கள். பொருள் வைப்பறை அலுவலர் அதைப் பார்த்ததும் பதிவு செய்ய மறுத்துவிட்டார். இது விளையாட்டுச் சாமான், கல்லூரியில் இதற்கு என்ன வேலை என்று எழுதியே அனுப்பிவிட்டார். தியாகராஜன் சார் சந்தோஷம் என்றார். மூடிச் சத்தம் கேட்டது. பிறகு அந்த அலுவலரை மரியாதையாக ஆய்வகத்துக்கு அழைத்துவந்து, ஒரு பெரிய கணக்கைச் சாதாரணக் கணினியில் ஓடவிட்டார். இருவரும் காபி குடித்தார்கள். அலுவலரின் மகள் படிப்பு, மாப்பிள்ளை வேலை எல்லாம் பேசி முடித்த பிறகு விடை வந்தது. அதே கணக்கை அடுத்து கார்டில் ஓட்டினார். அலுவலர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க சார், இந்த அம்மா எதுக்குக் கோடரி வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"அதை நானும் இன்னும் கண்டுபிடிக்கல," என்றார் தியாகராஜன் சார்.

அலுவலர் பெட்டியின் மேல் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, கோடரிக்காரியை மறைத்து, அப்புறம்தான் பதிவு செய்தார்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரணச் செயலி என்பது கெட்டிக்காரத்தனமான ஒரே ஆள். கிராபிக்ஸ் கார்டுக்குள் ஆயிரக்கணக்கில் ஆட்கள். தனித்தனியே பார்த்தால் யாரும் பெரிய கெட்டிக்காரர் இல்லை. ஆனால் ஒரே வேலையை எல்லாரும் ஒரே நேரத்தில் செய்வார்கள். நடவு வயல் முழுக்க ஆட்கள் இறங்கியது போல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும். கார்டுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. சூடு ஏறினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள யாரிடமும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்துவிடும். நிற்காது, புகார் சொல்லாது, விடையும் தப்பாது. நிதானமாகச் செய்யும், அவ்வளவுதான். அலுவலகத்தில் அப்படிப் பலரைப் பார்த்திருப்பதால் எனக்கு அதன்மேல் கோபம் வந்ததில்லை.

தியாகராஜன் சாரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அமுதா. கல்லூரி திருக்காட்டுப்பள்ளி சாலையில் இருக்கிறது. பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்த வாய்க்காலின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் இடத்தில், அமுதாவின் ஊர். அவருடைய அப்பா கோவிந்தன் முன்பு பண்ணையில் கூலிக்கு இருந்தவர், அப்போது குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்துகொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் திறந்தால் எந்தக் கிளை வாய்க்காலுக்கு எப்போது வந்து சேரும் என்று கணக்கிடும் நிரலை அமுதா எழுதியிருந்தார். மடை, மதகு, மேடு, பள்ளம் எல்லாம் அதில் உண்டு. சாதாரணக் கணினியில் ஓடுவதைவிடக் கார்டில் முப்பத்தெட்டு மடங்கு வேகமாக ஓடுகிறது என்பது அவருடைய கட்டுரை. மாநாட்டுக்கு அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொண்டாலும் வேலை முடிந்துவிடாது. அந்த மாநாட்டில் ஒரு வழக்கம். வேகத்தைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும், முன்பின் தெரியாத ஒருவர் அதே கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைந்து, அதே நிரலை ஓட்டிப் பார்ப்பார். அவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். எப்போது வருவார் என்றும் சொல்ல மாட்டார்கள். கடிதங்களில் அவர் பெயர் 'சரிபார்ப்பாளர் இரண்டு'. கட்டுரையில் உள்ள எண்ணிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகாத எண் அவருக்கும் வர வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் வராவிட்டால் கட்டுரை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீங்கிவிடும்.

முதல் முறை அவருக்கு வந்த எண் இருபத்தொன்று.

அமுதா என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. அவருடைய உதவித்தொகை அந்த ஆடியோடு முடிகிறது. ஒரு கட்டுரையாவது வெளியாகாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. வேறு மாநாட்டுக்கு அனுப்பிக் காத்திருக்க இன்னொரு ஆண்டு ஆகும். அந்த ஆண்டைக் கொண்டுவந்து கொடுக்க அவர் வீட்டில் யாரும் இல்லை. எனக்கும் கவலைதான், கணினி என் பொறுப்பில் இருந்தது. அன்று மட்டும் வயிற்று மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டேன்.

தியாகராஜன் சார் சந்தோஷம் என்றார். பேனா சட்டைப் பைக்குப் போயிற்று.

பழுது கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. வெள்ளைப் பலகையில் சந்தேகப்படும் காரணங்களை எல்லாம் எழுதுவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும் என்பார். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் பலகையில் அடிப்பார். அதுவும் எழுத்து கீழே தெரியும்படி மெல்லியதாக. அழித்துவிட்டால் மறுபடி அதன்மேலேயே சந்தேகம் வரும் என்பது அவர் கருத்து.

முதலில் எழுதியது நிரல். அமுதாவே வரிக்கு வரி படித்து அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதில் தவறில்லை. அடுத்தது, வேறு யாராவது அதே கார்டைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களா என்பது. தேடியதில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் அத்தை மகள் கல்யாண வீடியோவை அதில் மெருகேற்றியிருப்பது தெரிந்தது. ஆனால் அது வேறு வாரம். தியாகராஜன் சார் அவனைக் கூப்பிட்டு, கல்யாணம் நன்றாக நடந்ததா என்று மட்டும் விசாரித்து அனுப்பினார். அவன் அதற்குப் பிறகு ஆய்வகப் பக்கம் வந்ததாக நினைவில்லை. அடுத்தது தூசி. எல்லா வடிகட்டிகளையும் கழற்றிக் கழுவினேன். பல்லி முட்டை ஒன்பது கிடைத்தது. தூசி போயிற்று, மதியம் ஓட்டினால் எண் மாறவில்லை.

மிஞ்சியது சூடு. கார்டு தன் உடல் சூட்டைத் தானே குறித்துவைக்கும். சரிபார்ப்பாளர் ஓட்டிய மதிய வேளையில் அது ஏறியிருந்தது. அறையில் இரண்டு ஏசி. மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் காலையில்தான் வருவார், மதியம் அவருக்குக் கும்பகோணத்தில் வேலை. மூன்று முறை வந்தார். மூன்று முறையும் ஏசி, பள்ளி ஆய்வாளர் வந்த வகுப்பைப் போல ஒழுங்காக இருந்தது. "மிஷின் நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் உஷ்ண உடம்பு" என்று கடைசியில் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உஷ்ண உடம்புதான். ஆனால் அதனால் கிராபிக்ஸ் கார்டு எப்படி மெதுவாகும் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

அமுதா காலையில் ஓட்டினால் முப்பத்தெட்டு. இந்நிலையில் சரிபார்ப்பாளர் இரண்டாம் முறையாக வந்து போயிருந்தார். மதியம்தான். இருபத்திரண்டு.

தியாகராஜன் சார் பலகையில் சூடு என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். "நாளைக்கு மத்தியானம் நாம மூணு பேரும் உள்ளேயே உக்காருவோம்," என்றார். "பாத்துடலாம்."

மறுநாள் மதியம் உட்கார்ந்தோம். நான் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு போனேன். அந்தக் குளிர் எனக்கு ஆகாது. சர்வர் அறையில் செல்போன் கூடாது என்பது என் சட்டம். அமுதா மட்டும் அன்று கெஞ்சிக் கேட்டார். வீட்டில் குறுவை நெல்லுக்கு நாற்றங்கால் போட்டிருக்கிறார்கள், போன் இல்லாவிட்டால் அப்பா திட்டுவார் என்றார். நாற்றங்காலுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. நிரல் ஓடியது. எண் முப்பத்தெட்டில் நின்றது. குளிர் தாங்கவில்லை.

அப்போது போன் அடித்தது. அமுதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைக் காதில் வைத்தார். பதிவு செய்த ஒரு பெண் குரல் வெளியே கேட்கும் அளவுக்குப் பேசியது. மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, மோட்டாரை ஓட்ட எண் ஒன்றை அழுத்துக என்றது. அமுதா ஒன்றை அழுத்திவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

அவர் கையை எடுப்பதற்குள் வெளியே வராந்தாவிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்து இன்னொரு 'டக்'. சர்வர் காற்றாடிகளின் இரைச்சலில் ஏசி நின்றதே தெரியவில்லை, காற்றும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் காற்றில் குளிர் இல்லை. கொஞ்ச நேரத்தில் நான் மப்ளரைக் கழற்றினேன். திரையில் எண் முப்பத்தைந்து, முப்பத்தொன்று, இருபத்தாறு என்று இறங்கியது.

தியாகராஜன் சார் எழுந்து வெளியே போனார். நாங்களும் போனோம். ஏசிக்கு மின்சாரத்தைச் சீராக்கி அனுப்பும் ஸ்டெபிலைசர்கள் சுவரில் இருந்தன. இரண்டிலும் முள் கீழே விழுந்து, மின்சாரம் போதாது என்று அவை ஏசியைத் துண்டித்திருந்தன. சிறிது நேரம் கழித்து அவையே மறுபடி இணைத்தன; ஏசி ஒரு உறுமல் உறுமியது; முள் விழுந்தது; மறுபடி 'டக்'.

"இப்ப போன்ல என்ன வந்தது?" என்று கேட்டார் தியாகராஜன் சார்.

அமுதா சொன்னார். வயலில் மோட்டாரோடு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். வந்ததும் பெட்டி போன் செய்யும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். ஆற்றில் இன்னும் தண்ணீர் வராததால் நாற்றங்காலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அப்பாவுக்குப் போனில் பழக்கம் போதாது. அதனால் கல்லூரியிலிருந்தே இவர் மோட்டார் ஓட்டுகிறார்.

"சந்தோஷம். ரெண்டை அமுக்குங்க."

அமுதா இரண்டை அழுத்தினார். முள் அசையவில்லை. "ஒரு மோட்டார் நின்னா ஒண்ணும் ஆகாது சார்," என்றார். பிறகு அவரே சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க பக்கம் எல்லார்கிட்டயும் இந்தப் பெட்டி இருக்கு. எல்லாருக்கும் ஒரே நிமிஷத்துல போன் வரும். எல்லாரும் ஒண்ணை அமுக்குவாங்க."

முன்பெல்லாம் மின்சாரம் வந்தால் ஒருவர் சைக்கிளில் போவார், ஒருவர் டீ குடித்துவிட்டுப் போவார், ஒருவர் மறந்தே போவார். மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும். பெட்டி வந்த பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. மோட்டார் எழும்பும்போதுதான் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். எல்லாம் ஒன்றாக இழுத்தால் எதுவும் முழு வேகத்துக்கு வராமல் வெகுநேரம் இழுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் கல்லூரிக்கும் அந்த வயல்களுக்கும் ஒரே மின் பாதை. அமுதா தன் நிரலைச் சோதித்தது அறுவடை முடிந்த காலத்தில். அப்போது மோட்டாருக்கு வேலையில்லை. சரிபார்ப்பாளர் வந்தது குறுவைக்கு நாற்று விடும் காலத்தில்.

தியாகராஜன் சார் வராந்தாவில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனா கையில்தான் இருந்தது, மூடி திறந்தபடி. "ஆயிரம் பேரு ஒரே வேலையை ஒரே நேரத்துல செய்யறது," என்றார். "நாம மாநாடு போட்டுப் பேசறதை இவங்க நாத்தங்கால்லேயே செஞ்சுட்டாங்க."

ஜெனரேட்டரை ஓட்டலாமே என்று நான் சொன்னேன். அது முழு மின்வெட்டுக்கு மட்டும் ஓடும்படி அமைத்தது; மின்சாரம் குறைவாக வந்தால் அதன் கணக்கில் மின்வெட்டே இல்லை. அதை மாற்ற அனுமதி கேட்டு அன்றே எழுதினேன். மாநாடு முடிந்த பிறகு அனுமதி வந்தது.

மாலையில் மூவரும் அமுதாவின் ஊருக்குப் போனோம். தியாகராஜன் சார் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டார். நான் வரப்பில் வழுக்காமல் நடப்பதிலேயே கவனமாக இருந்ததால் காட்சிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மோட்டார் கொட்டகைக்கு முன்னால் கோவிந்தனும் அக்கம்பக்கத்துக்காரர்கள் ஏழெட்டு பேரும் நின்றார்கள். மகள் விஷயத்தைச் சொன்னார். கோவிந்தன் முழுதும் கேட்டார்.

"மோட்டாரைப் போட வேணாங்கறியா?"

"வேணாம்னு சொல்லலப்பா. எல்லாரும் ஒண்ணாப் போட வேணாங்கறேன்."

"நாத்து மூணு விரக்கடை வந்திருக்கு. ஒரு நாள் காஞ்சா போச்சு." அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காதீங்க சார். உங்க மிஷினுக்கு வேர்க்குதுங்கறீங்க. எங்களுக்கு வேர்க்கலையா?"

வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்லை. வயல் எங்களுடையது இல்லை. அமுதாவின் கண் கலங்கியது. அப்போது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், எல்லாரும் ஒன்றாகப் போடுவதால்தான் டிரான்ஸ்பார்மரில் அடிக்கடி பியூஸ் போகிறதா என்று கேட்டார். அமுதா ஆமாம் என்றார். சென்ற மாதம் தன் மோட்டாரில் காயில் கருகியதும் அதனால்தானா என்று அவர் மறுபடி கேட்டார். இருக்கலாம் என்றார் அமுதா. பெரியவர் கோவிந்தனைப் பார்த்தார்.

"ஏன் கோவிந்தா, ஆத்துத் தண்ணி பத்தாத வருஷம் முறை வச்சுத்தானே பாய்ச்சறோம். கரண்டுக்கு முறை வச்சா கொறஞ்சா போயிடுவோம்?"

அதற்குப் பிறகு எங்களுக்கு அங்கே வேலையே இல்லை. யார் முதலில், யார் அடுத்து என்று அவர்களே பேசினார்கள். அந்த வாய்க்காலில் முறை வைத்தால் கடைமடைக்காரருக்குத்தான் முதல் முறை. தண்ணீருக்கு உள்ள வழக்கமே கரண்டுக்கும் என்று முடிவாயிற்று. ஒருவர் மோட்டார் எழும்பி நிதானத்துக்கு வந்த பிறகு அவர் அடுத்தவருக்குக் குரல் கொடுக்க வேண்டும், அடுத்தவர் அப்போதுதான் அழுத்த வேண்டும். சிலர் பெட்டியை யாரும் அழுத்தாமலே ஓடும்படி வைத்திருந்தார்கள். அமுதா கொட்டகை கொட்டகையாகப் போய் அதை மாற்றினார். மொத்தம் பதினான்கு மோட்டார். அடுத்த ஊர்க்காரர்களிடமும் பேசிக்கொள்வதாகக் கோவிந்தன் சொன்னார். "உனக்காக இல்ல," என்றார் மகளிடம். "காயிலுக்காக."

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். தியாகராஜன் சார் மறுநாள் அமுதாவைக் கூப்பிட்டு, நடந்ததை எல்லாம் சரிபார்ப்பாளருக்கு எழுதிவிட வேண்டும், இருபத்தொன்று என்ற எண்ணையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு வாய்ப்புதான் மிச்சம். அது நன்றாகப் போகும்போல இருக்கிறது. இந்த நேரத்தில் எதற்கு நாமே போய் ஒப்புக்கொள்வது?

அமுதாவுக்கும் அதே பயம். "இருபத்தொண்ணுன்னு நானே எழுதிட்டா, அப்புறம் முப்பத்தெட்டை யார் சார் நம்புவா?"

"முப்பத்தெட்டு உங்க கார்டோட எண். இருபத்தொண்ணு உங்க ஊரோட எண். ரெண்டும் உங்களோடதுதான்," என்றார் அவர். "எதை எழுதணும்னு நான் சொல்லிட்டேன். எழுதறது நீங்க. உங்க பேருதான் மேல இருக்கு."

அவர் வகுப்புக்குப் போய்விட்டார். அமுதா என்னைப் பார்த்தார். நான் ஸ்டெபிலைசரைப் பார்க்கப் போனேன். இம்மாதிரி நேரத்தில் எனக்கு எங்காவது ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் நிம்மதி. திரும்பி வந்தபோது அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினார். அறை குளிர்ந்திருந்தால் முப்பத்தெட்டு, அறை சூடானால் இருபத்தொன்று, சூடாவதற்குக் காரணம் குறுவை நாற்றங்கால் மோட்டார்கள் என்று நேராக எழுதியிருந்தார். கடைசி வரியில், 'மோட்டார்களில் ஒன்றை இயக்கியது நானே' என்றும் சேர்த்திருந்தார். அந்த வரி வேண்டாமே என்றேன். அதைப் படிச்சாத்தான் சார் எனக்குச் சிரிப்பு வருது, இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்.

பதில் வரவில்லை. ஒவ்வொரு மதியமும் மும்முனை வந்ததும் நான் வராந்தாவில் நின்றேன். கடைமடையில் முதல் மோட்டார் எழும்பும்போது முள் லேசாகத் தலையாட்டும், நிமிரும். அடுத்தது, மறுபடி தலையாட்டும். பதினான்கு தலையாட்டலை எண்ணிவிட்டு உள்ளே வருவேன். ஒரு மதியம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அமுதா கைகாட்டினார். யாரோ கணினிக்குள் நுழைந்திருக்கிறார்கள். நிரல் ஓடுகிறது.

அன்று பார்த்து ஒன்பதாவது தலையாட்டலுக்குப் பிறகு முள் ஒரேயடியாகச் சரிந்தது. யாரோ முறை மாறி அழுத்திவிட்டார். இரண்டு மோட்டார் ஒன்றாக எழும்பியிருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் துண்டிக்கும் கோட்டுக்கு மேலே முள் நின்று நடுங்கியது. நான் பயத்தில் அதை விரலால் தட்டினேன்; தட்டினால் மின்சாரம் ஏறாது என்று எனக்குத் தெரியும், டிப்ளமோவில் படித்திருக்கிறேன். அமுதா அப்பாவுக்குப் போன் செய்து, ஒரே வார்த்தைதான் சொன்னார், "நிறுத்துப்பா." கோவிந்தன் அங்கே குரல் கொடுத்திருக்க வேண்டும், மீதி மோட்டார்கள் ஓடவில்லை. முள் மெல்ல ஏறியது. ஏசி நிற்கவில்லை.

சரிபார்ப்பாளருக்கு வந்த எண் முப்பத்தாறு.

மறுநாள் அவருடைய கடிதம் வந்தது. எண் பொருந்துகிறது, சரிபார்த்த முத்திரையைக் கொடுக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்று எழுதியிருந்தார். இருபத்தொன்றைப் பின்னிணைப்பில் ஒளித்துவைக்காமல் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும். தன் ஆய்வகத்திலும் கோடையில் எண்கள் குறைவதை வெகுகாலமாகப் பார்த்திருப்பதாகவும், காரணத்தைத் தேடாமல் குளிர்காலத்து எண்களையே வெளியிட்டு வந்திருப்பதாகவும் ஒரு வரி இருந்தது. தியாகராஜன் சார் அதைப் படித்துவிட்டுச் சந்தோஷம் என்றார். பேனாவைத் தேடினேன். அன்று அவர் கையில் பேனாவே இல்லை.

மாநாட்டில் அமுதாவின் உரை இரண்டாம் நாள் காலையில். அரங்கில் நாற்காலிகள் போதவில்லை. நான் எண்ணித்தான் போட்டிருந்தேன். காரணம், கோவிந்தன் ஊரிலிருந்து பதினான்கு பேரையும் அழைத்து வந்துவிட்டார். மோட்டாருக்கு ஒருவர். வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அமுதா ஆங்கிலத்தில் பேசினார். முப்பத்தெட்டையும் இருபத்தொன்றையும் ஒரே அளவு எழுத்தில் திரையில் போட்டார். மோட்டார் கொட்டகையின் படம் வந்தபோது கடைசி வரிசையில் மட்டும் சலசலப்பு எழுந்தது; அது யார் கொட்டகை என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு.

பேச்சு முடிந்ததும் வெளியூர்ப் பேராசிரியர்கள் நான்கு பேர் கேள்வி கேட்டார்கள். நான்கும் ஏசியைப் பற்றித்தான். வேறு கேள்வி உண்டா என்று அமர்வுத் தலைவர் கேட்டார். கடைசி வரிசையில் கோவிந்தன் எழுந்து நின்றார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அவர் வாங்கவில்லை. அவர் குரலுக்கு அது தேவையும் இல்லை.

"முப்பத்தெட்டு மடங்கு, முப்பத்தெட்டு மடங்குன்னு வீட்டுலயும் சொன்னே. இங்கயும் அதையே போட்டிருக்கே. அப்ப இனிமே கடைமடைக்குத் தண்ணி அவ்வளவு சீக்கிரம் வருமா?"

அரங்கில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். மற்றவர்களுக்குத் தியாகராஜன் சார் கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர்களும் சிரிக்கத் தயாரானார்கள். அமுதா சிரிக்கவில்லை.

"இல்லப்பா," என்றார். "தண்ணி வர்ற நேரத்துலதான் வரும். எப்ப வரும்னு சீக்கிரம் தெரியும்."

கோவிந்தன் தன் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் தலையசைத்தார்.

"தெரிஞ்சா சரி," என்றார் கோவிந்தன். "எப்ப விதைக்கணும்னு அதுக்கேத்த மாதிரி முடிவு பண்ணிக்கறோம். இந்த வருஷத்துக்கு எப்ப வரும்னு சொல்லு, எழுதிக்கறோம்."

அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த உரைக்கு நேரமாகிவிட்டது. அமுதா அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மடிக்கணினியை எங்கள் சர்வருடன் இணைத்து, நிரலை ஓடவிட்டார். காலை வேளை, அறை குளிர்ந்திருந்தது. பதினான்கு பேரும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பேராசிரியர்களும் போய் நின்றார்கள்.